கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ’98-ஐக் கையில் வைத்து ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சைக் கையில் பிடித்து ஆடுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. ஸ்டீம் டெக்கோ வேறு சின்னக் கருவியோ வைத்திருப்பவர்களுக்கும் பொத்தான், பெருவிரல், அணி பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும்.

இது என்ன ஆட்டம்? ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரிதானா?

நேருக்கு நேர் சண்டை என்ற வரையில் ஆமாம். ஆனால் நீங்கள் ஒருவரை அல்ல, மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். முதல் ஆள் விழுந்தால் இரண்டாமவர் வருவார், அவரும் விழுந்தால் மூன்றாமவர். எதிராளியின் மூவரையும் சாய்த்தால் வெற்றி. சண்டைக்கு நடுவே ஆள் மாற்ற முடியாது. ஜெயித்தவர் அதே உயிர்ப்பட்டையோடு, கொஞ்சம் மட்டும் மீண்டு, அடுத்த ஆளைச் சந்திக்க வேண்டும்.

ஒசாகாவைச் சேர்ந்த எஸ்.என்.கே. நிறுவனம் 1994-இல் தன் நியோ ஜியோ இயந்திரத்துக்காக இந்தத் தொடரைத் தொடங்கியது. ஃபேட்டல் ஃப்யூரி, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் என்று தன்னிடம் ஏற்கெனவே இருந்த சண்டை ஆட்டங்களின் நாயகர்களையும், இகாரி வாரியர்ஸ், சைக்கோ சோல்ஜர் போன்ற பழைய ஆட்டங்களின் ஆட்களையும் ஒரே போட்டிக்குள் கொண்டுவந்தது. ’95 முதல் ’97 வரை ஒரோச்சி என்ற தீயசக்தியைச் சுற்றிய கதை ஓடியது. ’98-இல் கதையே கிடையாது. செத்துப்போன பழைய வில்லன் ருகாலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ’94-க்குப் பிறகு காணாமல் போயிருந்த அமெரிக்க விளையாட்டு வீரர் அணியையும் சேர்த்தார்கள். மாற்று வடிவங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலே 38 பேர். கதைக்குக் கட்டுப்படாததால் சண்டையை மட்டும் செதுக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது என்பது என் எண்ணம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதை ஆடுகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

கையடக்கக் கருவியில் இதை எப்படி வாங்குவது?

ஹாம்ஸ்டர் நிறுவனம் வெளியிடும் ஏ.சி.ஏ. நியோ ஜியோ வரிசையில் இருக்கிறது. ஸ்விட்ச் விற்பனைக்கு வந்த 2017 மார்ச் 3 அன்றே அதன் கடையில் கிடைத்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கடையில் 7.99 டாலர். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் ஓடிய அதே ஆட்டம்தான், மெருகு எதுவும் ஏற்றப்படவில்லை. கூடவே ஜப்பானியப் பதிப்பா ஆங்கிலப் பதிப்பா என்று தேர்ந்தெடுக்கும் வசதி, பாதியில் நிறுத்திச் சேமிக்கும் வசதி, ஐந்து நிமிடத்துக்குள் எவ்வளவு புள்ளி என்று பார்க்கும் கேரவன் முறை ஆகியவை உண்டு.

ஸ்டீமில் கிடைப்பது வேறு பதிப்பு: ’98 அல்டிமேட் மேட்ச் ஃபைனல் எடிஷன். அதைப் பற்றிக் கீழே.

நியோ ஜியோ பாக்கெட் ஆட்டமும் ஸ்விட்ச்சில் இருக்கிறதே, அது இதுதானா?

இல்லை. அது கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆர்-2. எஸ்.என்.கே.யே நியோ ஜியோ பாக்கெட் கலர் என்று ஒரு சிறிய கருவியை 1999-இல் விற்றது. ’98-ஐ அதற்குள் சுருக்கிப் பெருந்தலையும் குட்டி உடலுமாக வரைந்ததுதான் ஆர்-2. அந்தக் கருவியில் இரண்டே தாக்குதல் பொத்தான்கள். அதனால் சட்டென்று தட்டினால் மெல்லிய அடி, சற்று அழுத்திப் பிடித்தால் பலத்த அடி என்று வைத்தார்கள். கேட்க ஒப்பேற்றல் போலத் தோன்றும். ஆனால் அவ்வளவு சின்னத் திரையில் குதியும் ஓட்டமும், சேர்த்த சக்தியைச் செலவழித்துப் போடும் பெரிய அடியான சூப்பர் மூவும் பிசகாமல் வருகின்றன. அந்தக் கருவியின் குட்டிக் கைப்பிடி ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஸ்விட்ச்சில் இது தனியாகவும் கிடைக்கிறது, பத்து ஆட்டங்கள் கொண்ட 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் கிடைக்கிறது.

முதலில் எதை வாங்குவது என்றால் ’98. பயணத்தில் பொழுதுபோக்க ஆர்-2.

பொத்தான்களை எப்படி அமைப்பது?

இந்த ஆட்டத்துக்கு நான்கே பொத்தான்கள்: ஏ மெல்லிய குத்து, பி மெல்லிய உதை, சி பலத்த குத்து, டி பலத்த உதை. நியோ ஜியோவில் வரிசையாக இருந்ததை நான்கு மூலைப் பொத்தான்களில் வைக்கும்போது குழப்பம் வருகிறது. ஸ்விட்ச்சின் பொத்தான்களிலும் ஏ, பி எழுத்துகள் உண்டு என்பதால், எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள்.

இடப்பக்கப் பொத்தானில் மெல்லிய குத்து, கீழ்ப் பொத்தானில் மெல்லிய உதை, மேலே பலத்த குத்து, வலப்பக்கம் பலத்த உதை. இப்படி வைத்தால் உருண்டு தப்பிக்கும் ஏ+பி-யும், எதிராளியை அடித்துத் தூரத் தள்ளும் சி+டி-யும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக அமையும். பெருவிரலைக் கொஞ்சம் படுக்கவைத்தாலே இரண்டும் அழுந்தும்.

சிக்கல் தருவது ஏ+பி+சி. அடியின் வலு கூடும் மேக்ஸ் நிலைக்குப் போக இந்த மூன்றும் ஒரே சமயத்தில் வேண்டும். ஒரே பெருவிரலால் அவசரத்தில் அழுத்தினால் பாதி நேரம் உருளல்தான் வரும். பலத்த குத்தை வலது தோள் பொத்தானுக்கு மாற்றிவிடுங்கள். ஏ, பி இரண்டும் பெருவிரலுக்கு, சி ஆள்காட்டி விரலுக்கு. சி+டி-யும் இதனால் சுலபமாகும். முதலில் கை தடுமாறும், பழகிவிடும்.

திசைக்கு எதைப் பயன்படுத்துவது? குச்சியா, திசைப்பட்டையா?

ஒரே துண்டான சிலுவை வடிவத் திசைப்பட்டை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். ஸ்விட்ச் லைட்டில் அது உண்டு. சாதாரண ஸ்விட்ச்சின் பக்கவாட்டில் கழற்றி மாட்டும் கைப்பிடியான ஜாய்கானில், இடப்பக்கத்தில் இருப்பதோ தனித்தனி நான்கு பொத்தான்கள். கீழிருந்து முன்னே பெருவிரலை உருட்டும்போது நடுவில் வரவேண்டிய மூலைத்திசை அடிக்கடி விட்டுப்போகும். திசைப்பட்டை கொண்ட மாற்று இடது ஜாய்கான்களைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. இந்த ஆட்டத்துக்காகச் செலவு செய்வதானால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

குச்சியில் அரைவட்டம் அழகாக வரும், குட்டிக் குதி வராது. இந்த ஆட்டத்தில் அரைவட்டத்தைவிடக் குட்டிக் குதி முக்கியம்.

அது என்ன குட்டிக் குதி?

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸை மற்ற சண்டை ஆட்டங்களிலிருந்து பிரிப்பதே இதுதான். ’96-இல் நுழைந்தது. இங்கே குதிப்பதில் நான்கு வகை. மேல் திசையை அழுத்திப் பிடித்தால் வழக்கமான முழுக் குதி. சட்டென்று தட்டி விட்டுவிட்டால் தாழ்வான குட்டிக் குதி. கீழே ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேல்-முன் திசையைத் தட்டினால், அதே தாழ்வில் நீளமாகப் பாயும் குதி. அதையே அழுத்திப் பிடித்தால் உயரமும் நீளமும் உள்ள பெருங்குதி. ஓடிக்கொண்டே குதித்தாலும் இந்த நீளம் கிடைக்கும்.

காற்றிலிருந்து வரும் அடியை நின்றபடிதான் தடுக்க வேண்டும், குனிந்து தடுக்க முடியாது. குட்டிக் குதி மிகத் தாழ்வாக, மிக வேகமாக வருவதால் குனிந்திருப்பவர் எழுந்து தடுக்க நேரம் இருக்காது. அவர் பயந்து எழுந்து நின்றுவிட்டால், அடுத்த முறை குதிக்காமல் ஓடிப்போய்க் காலில் அடிக்கலாம். மேலா கீழா என்று எதிராளியை ஓயாமல் யோசிக்கவைப்பதுதான் இங்கே தாக்குதல்.

பயிற்சி முறை எளிது. யாரையும் அடிக்காதீர்கள். குட்டிக் குதி மட்டும் பத்துத் தடவை தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். முழுக் குதி கலந்து வந்தால், பெருவிரல் பட்டையில் தங்கிவிடுகிறது என்று பொருள். அழுத்துவதைப் பற்றி யோசிக்காமல் எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். வியர்த்த விரல் பட்டையில் ஒட்டும், துடைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு குதித்தவுடன் டி அழுத்திப் பழகுங்கள். இது ஒன்று கைவந்தாலே கணினி எதிராளிகளில் பாதிப்பேர் விழுவார்கள்.

எதிராளி குட்டிக் குதியாகக் குதித்துத் தொல்லை செய்தால், நின்றபடி விடும் மெல்லிய குத்து பலரிடம் நல்ல மருந்து. மேலே எழும்பி அடிக்கும் பெரிய அசைவுகளுக்கெல்லாம் ஆசைப்படாதீர்கள், அவ்வளவு நேரம் இருக்காது.

அட்வான்ஸ்ட், எக்ஸ்ட்ரா என்று கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

அட்வான்ஸ்ட். பெயரைப் பார்த்து மிரளவேண்டாம், கையடக்கக் கருவிக்கு அதுதான் சுலபம்.

அட்வான்ஸ்டில் ஓடலாம், உருளலாம், அடிக்க அடிக்கச் சக்திப்பட்டை நிறையும், ஒவ்வொரு முறை நிறையும்போதும் ஒரு ஸ்டாக், அதாவது சேமித்த சக்தி, சேரும். முதல் ஆளுக்கு மூன்று ஸ்டாக் வரை. ஆள் விழ விழ அடுத்தவருக்கு இந்த வரம்பு ஒவ்வொன்றாகக் கூடும். சேர்த்ததும் அடுத்தவருக்குப் போகும். ஒரு ஸ்டாக்கில் ஒரு சூப்பர் மூவ், அல்லது தடுத்துக்கொண்டிருக்கும்போதே உருண்டு தப்பிக்க, சி+டி போட்டுத் தள்ளிவிட. மேக்ஸ் நிலைக்கும் ஒன்று செலவாகும், அந்த நிலையில் அடியின் வலு கூடும்.

எக்ஸ்ட்ரா பழைய ’94, ’95 பாணி. ஓட்டத்துக்குப் பதில் முன்னே ஒரு தாவல், உருளலுக்குப் பதில் நின்ற இடத்திலேயே விலகல், பட்டையை நீங்களே மூன்று பொத்தானைப் பிடித்து ஏற்ற வேண்டும். உயிர் குறைந்து மின்னும்போது சூப்பர் மூவ்கள் கணக்கில்லாமல் இலவசம். இதில் கில்லாடிகள் உண்டு, பார்க்கவும் ரசமாக இருக்கும். ஆனால் ஓட்டம் இல்லாமல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது தேவையில்லாத வேதனை.

மூன்று பேரை எந்த வரிசையில் நிறுத்துவது?

புதிதாக வருபவர்கள் பிடித்த ஆளை முதலில் நிறுத்துகிறார்கள். அங்கேதான் தோற்கிறார்கள்.

கிரிக்கெட்டில் ஓப்பனர், ஃபினிஷர் என்று பிரிப்பதைப் போலத்தான் இங்கேயும். முதல் ஆள் ஸ்டாக் இல்லாமலே சண்டை போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் வேலை ஒருவரையாவது வீழ்த்துவது, முடியாவிட்டால் பட்டையை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவது. கடைசி ஆள் ஸ்டாக் கையில் இருந்தால் ஆபத்தானவராக மாறுபவர். அவருக்குத்தான் வரம்பும் அதிகம், முன்னவர்கள் சேர்த்ததும் இருக்கும். நடு ஆள் பொதுவானவர், பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் பழகிய கேரக்டர். முதலாமவர் சொதப்பினாலும் ஆட்டத்தை நிமிர்த்த வேண்டியவர் அவர்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, முதல் ஆளை ஆடும்போது ஸ்டாக்கைச் செலவழிக்காமல் இருப்பது. மூன்றும் நிறைந்து மின்னும்போது கை அரிக்கும். சூப்பர் மூவ் எதிராளியை நிச்சயம் முடிக்கும் என்றால் மட்டும் போடுங்கள். தடுக்கப்பட்ட சூப்பர் மூவ் இரட்டை நஷ்டம்: ஸ்டாக்கும் போய், பதிலடியும் கிடைக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? வலுவானவர்கள் யார்?

வலு வரிசைப் பட்டியல்களில் டைமோன், சிசூரு, இயோரி ஆகிய பெயர்கள் மேலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல்கள் ஆர்கேட் கைப்பிடியில் ஊறியவர்கள் போட்டவை. உங்கள் பெருவிரலுக்கு எது வருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கையடக்கக் கருவியில் ஆடுபவருக்கு நான் சொல்லும் முதல் அணி, யாரும் அவ்வளவாகப் பரிந்துரைக்காத இகாரி அணிதான்: கிளார்க், லியோனா, ரால்ஃப்.

கிளார்க் பிடித்து வீசுபவர். பின்னிருந்து முன்னே அரைவட்டம், கூடவே உதை. ஒரே ஓர் அசைவு, பெருவிரல் ஒரே பக்கம் உருண்டால் போதும். வீச்சைத் தடுக்க முடியாது என்பதால் தடுத்தே காலம் தள்ளும் எதிராளிக்கு அவர் எமன். ஸ்டாக்கை எதிர்பார்க்காதவர். ஆகவே முதல் ஆள்.

லியோனாவின் முக்கிய அசைவுகள் திசையைப் பிடித்துவைத்து விடுபவை. கீழ்-பின் மூலையில் பெருவிரலை வைத்திருங்கள். அதுவே குனிந்து தடுக்கும் நிலை, அதுவே அடுத்த தாக்குதலுக்கான ஆயத்தமும். எதிராளி குதித்து வந்தால் மேலே தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்துங்கள், மூன் ஸ்லாஷர் வெட்டும். வட்டம் உருட்டத் தேவையில்லாததால் தனித்தனிப் பொத்தான் ஜாய்கானிலும் இவர் பிசகமாட்டார். குட்டிக் குதியைப் பழகவும் இவரே சரியான ஆள்.

ரால்ஃபிடம் குத்துப் பொத்தானை மடமடவென்று தட்டினால் வல்கன் பஞ்ச். சூப்பர் மூவ்களில் கேலக்டிகா ஃபாண்டம் கீழிருந்து முன்னே கால்வட்டம் இரண்டு தடவை. கையை ஓங்கி நிற்பதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு மெதுவு. ஆனால் பட்டால் உயிர்ப்பட்டை சரிந்துபோகும். ஸ்டாக் நிறைய உள்ள கடைசி ஆளாக இவர் நின்றால் எதிராளி தாராளமாகக் கை நீட்டமாட்டார்.

இந்த மூவரும் கைவந்த பிறகு டெர்ரிக்குப் போங்கள். கால்வட்ட அசைவுகள் எல்லாம் அவரிடம் பழகலாம். இயோரியை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். எதிராளியின் தலைக்கு மேல் தாண்டும்போது பின்பக்கமாக உதைக்கும் யூரி ஓரி, மூன்று தடவை தொடரும் ஆவோய் ஹானா, எல்லாம் சேர்ந்தால் எதிராளிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனால் அவர் கேட்பது வேகமான, சுத்தமான விரல். அவசரப்படாதீர்கள்.

இயோரியின் தரைத்தீயைப் போட நினைத்தால் எழும்பி அடிக்கிறாரே, ஏன்?

தரைத்தீ கீழ், கீழ்-முன், முன், குத்து. எழும்பி அடிக்கும் அசைவு முன், கீழ், கீழ்-முன், குத்து. முன்னே நடந்துகொண்டிருக்கும்போதே தரைத்தீயைப் போட்டால், நடந்த ‘முன்’ திசையையும் சேர்த்து ஆட்டம் எழும்பி அடிக்கும் அசைவு என்று படித்துவிடுகிறது. நடையை நிறுத்தி, பெருவிரலை ஒரு கணம் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு தொடங்குங்கள். கடைசி ‘முன்’ திசையில் விரல் நன்றாகப் போய்ச் சேர்ந்த பிறகே குத்துங்கள். கியோ உட்பட இதே இரண்டு அசைவுகளும் உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும்.

ருகாலை எப்படி அடிப்பது?

எஸ்.என்.கே.யின் கடைசி வில்லன்கள் நியாயமாக ஆடமாட்டார்கள் என்று சண்டை ஆட்டக்காரர்களிடையே ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சுக்கு ஒமேகா ருகாலே சாட்சி. நீங்கள் குதித்தவுடன் ஜெனொசைட் கட்டர் என்ற எழும் உதை வந்துவிடும், ஒரு தடவை பட்டாலே உயிரில் பெரிய பங்கு போகும்.

குதிப்பதற்கு உடனே எதிர்வினை காட்டும் அந்தப் பழக்கத்தையே அவருக்கு எதிராகத் திருப்ப வேண்டும். அவர் எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே, அடிக்காமல் குட்டிக் குதி ஒன்று போட்டு இறங்குங்கள். அவர் உதையை வீணாக்கி இறங்கும்போது ஓடிப்போய்க் காலில் அடித்துக் காம்போவை, அதாவது இடைவிடாத தொடர் அடியை, தொடங்குங்கள். தூரத்திலிருந்து கைசர் வேவ் வீசினால் உருண்டு உள்ளே போகலாம். பக்கத்தில் போய் உருளாதீர்கள், பிடித்துவிடுவார்.

ஸ்டாக்குகளை அவருக்காக மிச்சம் வைத்து வாருங்கள். அமைப்பில் கடினத்தைக் குறைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆர்கேடில் காசு போட்டவனைச் சீக்கிரம் எழுப்பி அனுப்பச் செய்த கணக்கு அது, உங்கள் வீட்டு நாற்காலிக்கு அது பொருந்த வேண்டியதில்லை.

படம் திரை முழுவதும் வரவில்லையே?

வரக்கூடாது. நியோ ஜியோவின் படம் பழைய தொலைக்காட்சியின் 4:3 விகிதத்தில் வரையப்பட்டது. இழுத்து அகலமாக்கினால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள், தூரத்தைக் கண் அளப்பதும் தப்பும். அதன் உயரம் 224 கோடுகள். ஸ்விட்ச்சின் திரை உயரம் 720. மூன்று மடங்கு 672, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விட்டால் ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாக நிற்கும். பழைய தொலைக்காட்சி போலக் காட்டும் ஸ்கேன்லைன் கோடுகள் உங்கள் விருப்பம். சின்னத் திரையில் எனக்கு அவை கண்ணை உறுத்துகின்றன.

ஒரே கருவியில் இருவர் ஆடலாமா?

தாராளமாக. கருவியை மேசையில் நிறுத்தி, ஆளுக்கொரு ஜாய்கானைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளலாம். நான்கே பொத்தான் போதும் என்பதன் அருமை அப்போது தெரியும். ஆறு பொத்தான் ஆட்டங்களில் இப்படிப் பாதி ஜாய்கானோடு சமாளிப்பது கஷ்டம். திசைக்குக் குச்சிதான் என்பதால் குட்டிக் குதி இருவருக்கும் தகராறு செய்யும், அதனால் போட்டி சமமாகவே இருக்கும். ஸ்விட்ச் லைட்டில் ஜாய்கான் கழற்ற முடியாது, தாங்கியும் கிடையாது. அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்க வேண்டும்.

இணையத்தில் மற்றவர்களோடு மோதலாமா?

ஸ்விட்ச்சின் ஏ.சி.ஏ. பதிப்பில் முடியாது. இணையத்தில் புள்ளிப் பட்டியல் மட்டும் உண்டு. ஆன்லைன் சண்டை வேண்டுமென்றால் ஸ்டீம் டெக்கில் அல்டிமேட் மேட்ச் ஃபைனல் எடிஷன். இணைப்புத் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் முறை அதில் பின்னாளில் சேர்க்கப்பட்டது. கீஸ், க்ரௌசர், மிஸ்டர் பிக் என ’98-இல் இடம் கிடைக்காத பழைய ஆட்களையும் சேர்த்து 64 பேர். ஆனால் அங்கே காத்திருப்பவர்கள் பலர் இதிலேயே வளர்ந்தவர்கள். சீனாவிலும் மெக்சிகோவிலும் இந்தத் தொடருக்கு இருக்கும் பற்று வேறு எங்கும் காண்பது அரிது. முதல் சில நாள் அடிதான் வாங்குவீர்கள்.

பழைய இயந்திரங்களைப் போலச் செயல்படும் விலை குறைந்த எமுலேட்டர் கருவிகளில் ஆட்டங்கள் நிரப்பியே வருகின்றனவே?

அந்த மெமரி கார்டில் இருப்பவை உரிமை இல்லாத நகல்கள். கருவிகள் என்ற அளவில் சில நன்றாகவே இருக்கின்றன, திசைப்பட்டை ஸ்விட்ச்சைவிடச் சிறப்பாகவும் இருக்கிறது. ஆனால் முறைப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஓர் ஆட்டத்துக்குத் திருட்டு நகலைத் தேடுவதில் அர்த்தமில்லை.

’98 முடிந்தால் அடுத்து எது?

2002. அதுவும் கதை இல்லாத கனவுப் போட்டிதான், மூவர் அணிதான். 2001 அக்டோபரில் எஸ்.என்.கே. திவாலான பிறகு தென்கொரியாவின் இயோலித் நிறுவனத்தின் கையில் உருவானது. மேக்ஸ் நிலையில் ஓர் அசைவை இன்னோர் அசைவால் வெட்டித் தொடரும் வசதி வந்ததால் காம்போக்கள் நீளம், வேகமும் கூடுதல். இடையில் வந்த ’99, 2000, 2001 மூன்றிலும் நால்வர் அணி, சண்டைக்கு நடுவே உதவிக்கு ஓடிவருபவர்களும் அதில் உண்டு. அது சிலருக்குப் பிடிக்கும், எனக்குத் திரை சந்தைக்கடையாகிவிட்டதாகத் தோன்றும். ’98-இன் குட்டிக் குதி கைவந்திருந்தால் 2002-க்கு நேராகவே போகலாம்.